கடலைத்தோல் பொடியும் எங்கள் சிவப்பும்

மார்ச் 4

அண்ணிக்கு வணக்கம்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம் என்றால், உங்கள் நலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீர்க் கண்காணிப்புக் குழுவின் மேசையிலேயே பார்த்துவிட்டேன். பட்டறையை மூடும் உத்தரவு தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதை யார் நிறுத்தினார்கள் என்று அண்ணன் சொல்லியிருப்பான். அவனுக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நான்தான் நிறுத்தினேன்.

குழுவின் தலைவர் என் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். அவரை நேரில் பார்த்து, அது என் அப்பா தொடங்கிய சாயப்பட்டறை, அவசரப்பட்டு மூட வேண்டாம், என் பொடியைப் போட்டு அந்தக் கழிவுநீரைத் தெளியவைத்துக் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார். உத்தரவு இப்போது மாறியிருக்கிறது. கழிவுநீரை நிலக்கடலைத் தோல் பொடியால் சுத்தம் செய்யும்வரை பட்டறை ஓடலாம். பொடி நின்றால் பட்டறையும் நிற்கும். மாதக் கடைசியில் ஆய்வாளர் வந்து வாய்க்கால் தண்ணீரைப் பிடித்துப் போவார்.

பொடி மூட்டைகள் லாரியில் வருகின்றன. செய்முறை உங்கள் சாய மாஸ்டருக்குக்கூடப் புரியும். கழிவுநீர்த் தொட்டியில் பொடியைக் கொட்டிக் கலக்க வேண்டும். சாயம் பொடியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பொடி அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீரை வாய்க்காலில் விடலாம். என் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு நிறம் போயிருக்கிறது. சர்வதேச இதழில் கட்டுரையும் வந்துவிட்டது.

பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. தண்ணீர் தெளிந்தது என்று பட்டறையின் தாளில் ஒரு சான்று. அது கிடைத்தால் பெரிய வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் எல்லாச் சாயப்பட்டறைக்கும் என் பொடியைக் குழு பரிந்துரைக்கும். அதற்கென்று ஒரு மையமும் வரப்போகிறது. அதற்கு யார் தலைமை என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். அண்ணன் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஆனால் பட்டறையை நடத்துவது நீங்கள் என்பது ஊரறிந்த விஷயம். வேதியியல் பட்டமும் உங்களிடம் இருக்கிறதே, சுவரில்.

போனில் சொல்லியிருக்கலாம். போன முறை நீங்கள் பாதியில் வைத்துவிட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

மைக்குக்கு,

விடுதியில் உனக்கு நாங்கள் வைத்த பெயர்தான். மேடை கிடைத்தால் விடமாட்டாய் என்று வைத்தது. இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ‘அண்ணி’, ‘நீங்கள்’ எல்லாம் எதற்கு? நாலு வருஷம் ஒரே அறையில் கிடந்து, ஒரே பக்கெட்டில் துணி துவைத்தவர்கள் நாம். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டதற்காக எனக்கு நீ மரியாதை கொடுக்க வேண்டாம். உன் மரியாதையில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். அது குத்துகிறது.

உத்தரவை நிறுத்தியதற்கு நன்றி. ஒரு கையால் காப்பாற்றி, அதே கையால் என் கழுத்தில் கயிறும் மாட்டியிருக்கிறாய். பொடி நின்றால் பட்டறை நிற்கும் என்று எழுத வைத்தது உன் வேலைதான். என்னைக் கேட்டாயா?

மூட்டைகள் வந்தன. பிரித்ததும் துவைப்புத் தொட்டிப் பெண்கள் தும்மத் தொடங்கினார்கள். தொட்டியில் கொட்டினோம். பொடி மிதந்தது. மாஸ்டர் மூங்கில் கழியை எடுத்துக் கலக்கு கலக்கென்று கலக்கினார். மறுநாள் வரை படியவிட்டோம். முன்பு தண்ணீர் சிவப்பாக இருந்தது. இப்போது சிவப்பாகவும் இருந்தது, தவிடாகவும் இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்து, “ஏம்மா, இது தண்ணிய சுத்தம் பண்றதுக்கா, மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறதுக்கா?” என்று கேட்டார். நீ இருந்திருந்தால் நீயே பதில் சொல்லியிருப்பாய்.

உன்னிடம் இரண்டு கேள்வி. எந்தச் சாயத்தில் சோதித்தாய்? எந்தத் தண்ணீரில் சோதித்தாய்? எங்கள் தண்ணீர் உங்கள் கண்ணாடிக் குடுவைத் தண்ணீர் இல்லை. பருத்தி நூலில் சிவப்பு ஏற உப்புக் கொட்டுகிறோம், சோடா கொட்டுகிறோம், பிறகு சோப்பில் அலசுகிறோம். இது எல்லாம் சேர்ந்துதான் தொட்டிக்கு வருகிறது. நீ இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது என்பதால் நினைவுபடுத்துகிறேன்.

சான்று இப்போதைக்கு இல்லை. என் பட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன், அதற்கும் ஒரு நாள் வேலை வரும் என்று.

உன் அண்ணி


மார்ச் 19

கடிதம் கிடைத்தது. என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டிச் சிரிக்கலாமா என்று பார்த்தேன். குடும்ப மானம் என்று ஒன்று இருப்பதால் விட்டுவிட்டேன்.

கண்ணாடிக் குடுவையில் நடப்பது தொட்டியிலும் நடக்கும். நடக்கவில்லை என்றால் கோளாறு பொடியில் இல்லை, கலக்குகிற கையில் இருக்கிறது. மூங்கில் கழியாம். பட்டறைக்காரர்களிடம் ஒரு புதிய விஷயத்தைக் கொடுத்தால் முதலில் தும்முவார்கள், அப்புறம் கேலி பேசுவார்கள், கடைசியில் ‘நாங்க முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறோம்’ என்பார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து அவர்களாகவே ஆகிவிட்டாய். நம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நீ. மூன்றாவதாக வந்தவள் நான். இன்றைக்கு மூன்றாவது எங்கே, முதலாவது எங்கே என்று பார்.

நீ கேட்டதற்குப் பதில். சோதித்தது நீலத்தில். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் அந்த நீலப் புட்டி அலமாரியில் இருக்கும். எல்லோரும் அதில்தான் சோதிக்கிறார்கள். எடுத்துக்கொண்டது காய்ச்சி வடித்த தண்ணீர். வேறு எதை எடுப்பார்கள்? நீலம் ஒட்டினால் சிவப்பும் ஒட்டும். சாயம் என்றால் சாயம்தான்.

மாதக் கடைசி நெருங்குகிறது. ஆய்வாளர் வரும்போது தொட்டியில் பொடி இருக்க வேண்டும், வாய்க்காலில் நிறம் இருக்கக் கூடாது. எப்படிச் செய்வாயோ, செய். உன் ஆட்களிடம் கழியைப் பிடுங்கிவிட்டு மோட்டார் வைத்துக் கலக்கச் சொல்.

நாத்தனார்


ஏப்ரல் 2

மைக்,

‘சாயம் என்றால் சாயம்தான்.’ இந்த வரியை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு வேதியியல் ஒரு மண்ணும் தெரியாது. அவரே, “அப்படியா எழுதியிருக்கா?” என்று கேட்டுவிட்டு, நான் சிரித்ததும் சிரித்தார். அப்புறம் தங்கையாயிற்றே என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் வருஷப் பாடம் இது. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது. மறுபடியும் சொல்கிறேன், கவனமாகக் கேள். கடலைத் தோல் தண்ணீரில் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். உன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் பார்த்தவுடன் ஒட்டிக்கொள்ளும். எங்கள் சிவப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. தோலும் அது, சாயமும் அது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், நானும் நீயும் போல. மோட்டார் வைத்துக் கலக்கினால் தள்ளுவது இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான். இந்தக் கட்டுரைக்கு உனக்குப் பொன்னாடை வேறு போர்த்தியிருக்கிறார்கள்.

சரி, வயிற்றெரிச்சல் போதும். ஆய்வாளர் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டுமே. பட்டறையில் எழுபது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் அமிலம் ஊற்றிப் புளிக்க வைத்தேன். புளித்த தண்ணீரில் தோலின் மின்னூட்டம் மாறும், அப்போது சிவப்பு வந்து ஒட்டும் என்று ஒரு கணக்கு. ஒட்டியது. மாலைக்குள் தண்ணீர் வெளுத்தது. மாஸ்டர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். புளித்த தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட முடியாது, சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டித்தான் விட்டோம். ஆய்வாளர் வந்தார், பிடித்துப் பார்த்தார், தேறிவிட்டீர்கள் என்றார். துவைப்புத் தொட்டிப் பெண்களுக்கெல்லாம் நானே டீ போட்டுக் கொடுத்தேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது மூன்றாவது கேள்வி. சிவப்பை முழுக்கக் குடித்த இந்தப் பொடியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நனைந்த சக்கை மூட்டை மூட்டையாகப் பின்சுவர் ஓரம் சேர்கிறது. தண்ணீரில் இருந்த நிறத்தை மூட்டைக்கு மாற்றியிருக்கிறோம். மூட்டை போகிற வழியைச் சொல். அதைச் சொன்னால் சான்றில் கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணி,

ஆக, பொடி வேலை செய்கிறது! இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கொஞ்சம் அமிலம் சேர்க்க வேண்டியிருந்தது என்பதற்காக இவ்வளவு நீள வகுப்பு எதற்கு? எந்தச் செய்முறையிலும் களத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். அதைச் சேர்த்து அறிக்கையைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். ‘சற்றே புளிப்பாக்கிய நீரில் சிவப்புச் சாயமும் சிறப்பாக நீங்குவதைக் கண்டறிந்தோம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘கண்டறிந்தோம்’ என்பதில் நீயும் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்.

சக்கையைப் பற்றிக் கவலைப்படுகிற முதல் ஆள் நீதான். குப்பையை எங்கே போடுவது என்று பேராசிரியரைக் கேட்கிறாய். உலர்த்தி எரி, குழி தோண்டிப் புதை, என்னவோ செய். ‘பயன்படுத்திய பொடியைப் பாதுகாப்பாக அகற்றலாம்’ என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

சான்றுக்காக உன்னைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. போன வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தபோது போட்டுக் கொடுத்துவிட்டான். எதிர்ப்பேச்சு பேசவில்லை. உனக்குத் தெரியாமல் செய்தானா என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் மூக்கை நுழைப்பதில்லை.

மையத்தின் திறப்பு விழா ஜூலையில். முறைப்படி அழைப்பு வரும்.

நாத்தனார்


மே 6

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். நமக்குத் தெரிந்த வார்த்தை எதுவும் போதவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அப்போது பட்டறையில் ஆள் இல்லை, விடுமுறை. பின்சுவர் ஓரம் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில்தான் சுண்ணாம்புச் சேற்றை உலர்த்தும் மேடு. மழைத்தண்ணீர் மேட்டில் விழுந்து, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மூட்டைக்குள் இறங்கியது. புளித்த தண்ணீரில் ஒட்டிய சிவப்பு சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதும் விட்டுவிட்டது. ஒரு மாதத்துச் சிவப்பு ஒரே நாளில் வெளியே வந்தது. வாய்க்கால், தெருவின் பள்ளம், எதிர் வரிசை வீடுகளின் வாசல், எல்லாம் சிவப்பு. எதிர்வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே காலைக் காட்டினாள். பிள்ளையின் கால் முழங்கால் வரைக்கும் சிவந்திருந்தது. அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் ஆய்வாளர் வந்து பட்டறைக்கு சீல் வைத்தார். காரணம் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ஆள் இல்லாத நாளில் சுத்தம் செய்யாத கழிவுநீரைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டோமாம். பொடியிலிருந்து வந்தது என்று நான் சொன்னேன். அவர் உன் அறிக்கையை எடுத்து நீட்டினார். பயன்படுத்திய பொடியால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய், அதோடு இணைத்த சான்றில் என் வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கிறது. “உங்க வீட்டு அறிக்கையே அப்படித்தானே சொல்லுது?” என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட நேரம் மிகக் குறைவு, அது உனக்குத் தெரியும்.

உன் அண்ணனைக் கேட்டேன். அவள் கேட்டாள், போட்டேன் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டாராம். அவ்வளவுதான் அவர்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. மே இருபத்தெட்டாம் தேதி குழு விசாரிக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் இந்தப் பொடி சாயத்தை விட்டுவிடும், அதை நீ சோதித்துப் பார்க்கவே இல்லை என்று எழுதிக்கொடு. அதை நீ சொன்னால்தான் நம்புவார்கள். நான் சொன்னால் திருடி பேசுகிறாள் என்பார்கள். கேவலம் அதுதான், உன் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு என் பேச்சுக்கு இல்லை.

மழையில் தப்பிய மூட்டைகளை லாரியில் ஏற்றி உன் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். உன் சரக்கு, உன்னிடமே வருகிறது. பாதுகாப்பாக அகற்று.

அண்ணி


மே 14

லாரி வந்து சேர்ந்தது. துறையின் வாசற்படியில், ஒன்பது மணிக்கு, மாணவர்கள் வரும் நேரமாகப் பார்த்து இறக்கிவிட்டுப் போய்விட்டான் டிரைவர். நாற்றம் மூன்றாவது மாடி வரை. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, “உங்க வீட்டுலேர்ந்து பார்சல் வந்திருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு வேண்டியது இதுதானே? திருப்தியா?

எழுதிக்கொடு என்கிறாய். முதலில் இதற்குப் பதில் சொல். அமிலம் ஊற்றச் சொன்னது நானா? சுண்ணாம்பு மேட்டை ஒட்டி மூட்டையை அடுக்கச் சொன்னது நானா? மின்னூட்டப் பாடம் எடுத்தாயே, புளிப்பில் ஒட்டினது காரத்தில் கழன்றுவிடும் என்பது அதே பாடத்தின் அடுத்த பக்கம் இல்லையா? முதல் மார்க் வாங்கியவளுக்கு அது எப்படி மறந்துபோயிற்று? பழியைத் தூக்கி என் தலையில் கட்டுவதற்கு முன்னால் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொள்.

நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். தலைவரிடம் பேசிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவுநீர்த் தொட்டியின் வால்வை மூட மறந்துவிட்டோம், தவறுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. ஓர் அபராதம் விதிப்பார்கள். ஒரு மாதத்தில் சீலை எடுத்துவிடுவார்கள். பொடி தொடரும், பட்டறை தொடரும். எழுபது பேர் உன் முகத்தைப் பார்ப்பதாக எழுதினாயே, அவர்களுக்காகவாவது வீம்பை விடு. நான் பொடியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? உன் பட்டறையை மறுபடியும் திறக்கவிடுகிற ஒரே காகிதம் அந்தப் பொடியின் பேரில்தான் இருக்கிறது.

பொறுமையாக எழுதுகிறேன். இதற்கு மேல் பொறுமை இல்லை.

நாத்தனார்


மே 19

மைக்,

அடுத்த பக்கத்தை மறந்தது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன், குழுவிடமும் சொல்லப்போகிறேன். உன்னால் இப்படி ஒரு வரி எழுத முடியுமா? கை சுளுக்கிக்கொள்ளும்.

வால்வை மறந்தேன் என்று எழுத மாட்டேன். மறக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டால் பட்டறை திறக்கும், உன் மையமும் திறக்கும். ஆடி மாதக் கழிவு விலைத் துணி மாதிரி உன் பொடி பெரிய வாய்க்கால் ஓரம் எல்லாப் பட்டறைக்கும் போகும். அங்கேயும் சிவப்புப் போடுகிறார்கள், அங்கேயும் அமிலம் ஊற்றுவார்கள், ஏனென்றால் உன் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. எல்லோர் வீட்டுப் பின்சுவரிலும் மூட்டை சேரும். அப்புறம் ஒரு மழை. எதிர்வீட்டுப் பிள்ளையின் காலை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

எழுபது பேரை வைத்து என்னை மிரட்டாதே. அவர்கள் பெயர் ஒன்றுகூட உனக்குத் தெரியாது. அவர்களை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பொடியை நம்பித்தான் பட்டறை மறுபடி திறக்க முடியும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

விசாரணைக்கு நேரில் வருகிறேன். நீயும் அங்கே இருப்பாய். என் முகத்தைப் பார்த்து, இவள் திறந்துவிட்டாள் என்று சொல். சொல்ல முடிந்தால் நீ கெட்டிக்காரி.

அண்ணி


மே 30

நீ சாட்சி சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாய். உன் வாக்குமூலத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பேசினாய். ஆகவே பிறகு நடந்ததை நானே எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். உன்மேல் இரக்கப்பட்டு நான் எதுவும் செய்யவில்லை. உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் கீழே போய், நீ அனுப்பிய மூட்டை ஒன்றைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துவந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபிக்கத்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் குடுவை சிவந்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் சிவந்தது. கட்டுரை எழுதிய இத்தனை வருஷத்தில் இந்தச் சோதனையை நான் ஒரு தரம்கூடச் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வெட்கமாக இருந்தது. உன்னிடம் தோற்றோமே என்பதுதான் அதைவிட வெட்கம்.

நீ போன பிறகு தலைவர் என்னைப் பார்த்து, “இவங்க சொல்றதுக்கு ஏதாவது ஆதாரம் உண்டா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லச் சொல்லித்தான் கேட்டார், அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான், “அவ திறந்துவிடல சார். என் பொடியிலேர்ந்துதான் வந்தது. நான் சோதிக்காம எழுதிட்டேன்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். மையத்துக்கு வேறு ஒருவரை நியமித்துவிட்டார்கள். கடலைத்தோலுக்குப் பதில் சாம்பலில் ஏதோ செய்கிறவன், தண்ணீரைக் கண்ணால் பார்த்திருக்கிறானா என்றே எனக்குச் சந்தேகம்.

இப்போது உன் விஷயம். திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டாய் என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். உன் பெயரில் ஒரு கறையும் இல்லை. ஆனால் பொடி பரிந்துரையிலிருந்து நீங்கியதால் பழைய உத்தரவு தானாக உயிர்பெறுகிறது. சுத்திகரிப்புக்கு வழியில்லாத பட்டறை, ஆகவே நிரந்தரமாக மூட வேண்டும். வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டேன். பெரிய இயந்திரம் வைத்தால் உண்டு என்றார்கள். அது உங்களால் ஆகாது, எங்கள் அப்பாவாலும் ஆகியிருக்காது.

இது தெரிந்தேதான் என்னைச் சொல்லச் சொன்னாயா? தெரியாமல் சொல்லியிருந்தால் நீ முட்டாள். தெரிந்து சொல்லியிருந்தால் உன்னை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாத்தனார்


ஜூன் 17

மைக்,

தெரிந்தேதான் சொன்னேன். எத்தனை முறை படித்த உத்தரவு அது. பொடி பொய் என்று ஆனால் பட்டறை போகும், இதைப் புரிந்துகொள்ள மூன்றாவது மார்க்கே போதும்.

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் எதிர்பார்த்துக்கொண்டே இரு. உண்மையைச் சொல்ல உனக்கு இரண்டு மாதமும் ஒரு லாரி மூட்டையும் தேவைப்பட்டது. இதற்கு மாலையா போடுவார்கள்? ஆனால் அந்த அறையில் அவர் எந்தக் குரலில் கேட்டிருப்பார் என்று எனக்கும் தெரியும். அந்தக் குரலுக்கு எதிரே நீ பேசினாய் என்று படித்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதை நல்ல வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதே. பால் வீணானது.

கொதிகலனை அணைத்துவிட்டோம். ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு நானே சொன்னேன், உன் அண்ணனைச் சொல்லவிடவில்லை. துவைப்புத் தொட்டிப் பெண்கள் பாதிப் பேருக்குப் பெரிய வாய்க்கால் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. மீதிப் பேருக்கு இல்லை. மாஸ்டர் என்னோடு பேசுவதில்லை. போகும்போது, “ஒரு கையெழுத்துதானேம்மா” என்று மட்டும் கேட்டார். எதிர்வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். தனக்கும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். என்னை நானே எத்தனை தரம் கேட்டுப் பார்த்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்றுதான் வருகிறது, நெஞ்சு மட்டும் ஆறமாட்டேன் என்கிறது.

உன் அண்ணன் நீ செய்தது சரி என்கிறார். நான் செய்ததும் சரி என்கிறார். மாஸ்டர் கேட்டதும் சரியாம். எல்லோரும் சரியாக இருக்கிற வீட்டில் பட்டறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

இன்று காலை வாய்க்கால் ஓரம் போய் நின்றேன். எங்கள் கிளை வாய்க்காலில் எங்களைத் தவிர வேறு பட்டறை கிடையாது, உனக்குத் தெரியும். அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிறது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அதற்கு அடி என்று ஒன்று இருப்பதை நான் பார்த்ததே இல்லை. உன் பொடியால் ஆகாதது என் பூட்டால் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் வந்தார். மூடிய பிறகும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று விதியாம். கண்ணாடிக் குவளையில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, “பிரமாதம்மா, இதைத்தான் நாங்க இத்தனை நாளா கேட்டோம்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், மனதார. குவளையைப் பிடுங்கி அந்தத் தண்ணீரை அவர் மூஞ்சியிலேயே ஊற்றலாம் போல இருந்தது. என்னவோ, கையை நீட்டி வாங்கி நானும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

அண்ணி